ஓசூரில் வாயாலேயே கார் ஓட்டுகிறார்கள்!

முதலில் ஒரு புதிர். நீங்கள் யோசித்துக்கொண்டே படியுங்கள். நான் அசடு வழிந்த கதை பின்னால் வருகிறது.

"கூரை கிடையாது. கதவு கிடையாது. முன்னால கண்ணாடி கூடக் கிடையாது. காத்து நேரா மூஞ்சியில அறையும். மழை பெஞ்சா ஊசி குத்துற மாதிரி இருக்கும். வண்டு வந்து நெத்தியில மோதினா கோலிக்குண்டு அடிதான். இன்ஜின் சூடு முழங்கால்ல தெரியும். பின்பக்கம் கனமே இல்லை. பள்ளத்துல இறங்கினா கன்னுக்குட்டி மாதிரி துள்ளும். பிரேக்கைத் தடவணும், மிதிச்சா வழுக்கும். ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு பார்ப்பான்!"

என்ன வண்டி?

இந்தக் கேள்வி என்னிடம் வந்த இடம், ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு டீக்கடை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், இரண்டும் இல்லாமல் ரிட்டயர் ஆனவர்கள் என்று மூன்று ரகமும் கூடுகிற கடை. கேட்டவர், எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். கண்ணில் தடிமனான கண்ணாடி, தோளில் துண்டு.

நான் பி.காம். கார் என்றால் எனக்கு முறைப்படி தெரிந்தது, வருமான வரிக் கணக்கில் அதற்கு வருஷத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம் போடலாம் என்பது மட்டும்தான். ஆனால் பழைய புத்தகக் கடைகளில் இங்கிலீஷ் கார் பத்திரிகைகளைப் பொறுக்கிப் படிக்கும் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. அந்தத் தெம்பில் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"லோட்டஸ் செவன்! 1957. இங்கிலாந்து. காலின் சாப்மன் என்ற மேதை, காரிலிருந்து எதையெல்லாம் கழற்ற முடியுமோ அதையெல்லாம் கழற்றிவிட்டு மிச்சம் இருந்ததை விற்ற ஸ்போர்ட்ஸ் கார்!"

கடையில் ஒரு விநாடி நிசப்தம். அப்புறம் சிரிப்பு. ஓசூர் அல்லவா... தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலும் சிரித்தார்கள்.

"தம்பி, அது லேலாண்டு சேஸிஸ்!" என்றார் பெரியவர். "லாரி. பாடி கட்டாத வெறும் எலும்புக்கூடு. ஓசூர்ல எடுத்து, பாடி கட்ட நாமக்கல், கரூர்னு கொண்டுபோய் விடுவோம். பலகையில கயித்தைக் கட்டி உட்கார்ந்து, தலையில துண்டு, கண்ணுல கூலிங் கிளாஸ். நீங்க சொல்ற இங்கிலாந்து வண்டி எனக்குத் தெரியாது. ஆனா வெள்ளைக்காரன் காசு கொடுத்துப் பட்ட அவஸ்தையை நான் சம்பளம் வாங்கிக்கிட்டுப் பட்டிருக்கேன்!"

அன்றைய டீ முழுக்க என் கணக்கு. ஒன்பது டீ, நாலு வடை.

*

மூன்றே சட்டம்

இந்த விளையாட்டுக்குப் பெயர் கிடையாது. சட்டம் மட்டும் உண்டு.

ஒன்று: வண்டியின் பெயர், நாடு, நிறம், விலை எதையும் சொல்லக்கூடாது. இரண்டு: நம்பர் சொல்லக்கூடாது. சி.சி., குதிரைசக்தி, மைலேஜ் எதுவும் கூடாது. மூன்று: ஓட்டியவர்தான் சொல்ல வேண்டும். கைக்கும் காலுக்கும் முதுகுக்கும் காதுக்கும் மூக்குக்கும் என்ன தெரிந்ததோ அது மட்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். தோற்றவர் டீ வாங்க வேண்டும்.

சின்னப் பையன்களுக்குச் சுலபமான கேள்வி கொடுப்பார்கள். "கிக்கர் ஒரே உதை. பின்னால வர்றவனுக்கு ஆயில் புகை. ஆக்ஸிலேட்டரைத் திருகினா முதல்ல ஒண்ணுமில்லை, அப்புறம் திடீர்னு பின்னாலேருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி பாயும்." கேள்வி முடிவதற்குள் "ஆர்.எக்ஸ். 100!" என்று நாலு குரல் வரும். 1996-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்ட வண்டி. அப்போது பிறக்காத பையனும் சொல்கிறான்!

கஷ்டமான கேள்விகளைக் கொண்டுவருகிறவர் மெக்கானிக் அண்ணன். ஐம்பது வயது. பெங்களூரில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறைகளில் இருபது வருஷம் கை கறுத்தவர். இப்போது ஓசூரிலேயே சொந்தமாகச் சின்னப் பட்டறை. அவர் சொன்ன ஒன்று:

"பார்த்தா சிறுத்தை. கதவைத் திறந்து உட்கார்ந்தா ராஜா. சாவியைத் திருகினா... டிராக்டர். ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டு வெத்தலை போட்டுக்கலாம், சுண்ணாம்பு தடவி முடிக்கறப்ப வேகம் வரும்."

அது 1985-ல் சென்னையில் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000. 'டிராக்டர்' என்று அண்ணன் சொன்னது கிண்டல் இல்லை, சரித்திரம்! அந்தக் காரின் உடம்பு, இங்கிலாந்தில் 1976-ல் வந்த ரோவர் எஸ்.டி.1. ஃபெராரி டேடோனாவைப் பார்த்து ஆசைப்பட்டு வரைந்த உருவம். இங்கிலாந்தில் அதற்குள் எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் இன்ஜின் இருந்தது. இங்கே வைத்ததோ, நாற்பதுகளில் பிறந்த ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் இன்ஜின் வம்சத்தில் வந்த நாலு சிலிண்டர். அந்த வம்சத்து இன்ஜின்தான் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது. அதுவேதான் 1953-ல் டிரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் பறந்தது. லேசான காரில் வைத்தால் வீரன். கனமான காரில் வைத்தால் கூலியாள். இன்ஜின் ஒன்றுதான்!

அந்த கார் ஓடவில்லை. 1988-ல் கம்பெனியே மூடப்பட்டது. அண்ணனின் வெற்றிலை வர்ணனையில் அந்தக் கம்பெனியின் முடிவும் இருக்கிறது, கவனித்தீர்களா?

*

பெடலில் மாட்டினேன்

லேலாண்டு அவமானத்தைத் துடைக்க அடுத்த வாரம் தயாராகப் போனேன். மனப்பாடம் செய்த போர்ஷே 911-ஐ எடுத்துவிட்டேன்.

"முன்பக்கம் லேசாக மிதக்கும். ஸ்டியரிங் சிலிர்க்கும். கனம் எல்லாம் முதுகுக்குப் பின்னால். வளைவில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் சுழன்று முன்னால் வந்துவிடும்..."

"டி.வி.எஸ். 50, பின்னால கேஸ் சிலிண்டர் கட்டினது!" என்றார் ஒருவர். யோசித்துப் பார்த்தால் தப்பில்லை. 911-லும் இன்ஜின், பின்சக்கர அச்சுக்கும் பின்னால்தான் தொங்குகிறது. 1963-ல் அறிமுகமானதிலிருந்து அதுதான் அதன் பெருமை, அதுதான் அதன் வில்லங்கம்.

மெக்கானிக் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், ஒரே ஒரு கேள்வி. பெடல் மேலேருந்து தொங்குதா, தரையிலேருந்து முளைச்சிருக்கா?"

தொங்காமல் பின்னே? "தொங்குது" என்றேன்.

"நீங்க ஓட்டலை. படிச்சிருக்கீங்க." அண்ணன் சிரித்தார். "பழைய 911-ல பெடல் தரையிலேருந்து முளைச்சு நிக்கும். பெங்களூர்ல ஒருத்தர் வீட்டு காம்பவுண்டுக்குள்ள முன்னே பின்னே நகர்த்தி இருக்கேன். பத்தே அடி. ஆனா என் கணுக்கால் இன்னும் மறக்கலை."

சட்டம் மூன்றை மீறியதற்கு அபராதம், இரட்டை டீ. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு விளையாட்டு புரிந்தது. படித்தவனுக்கு வால் சுழலும் என்பது தெரியும். ஓட்டியவனுக்குத்தான் பெடல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

*

ரன்வேயில் பிறந்த ரேஸ்

'ஓசூரில் ஏது சார் ஸ்போர்ட்ஸ் கார்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

நியாயம். நம் ஊரில் பல வருஷங்கள் வெளிநாட்டு கார் இறக்குமதி என்பதே குதிரைக்கொம்பு. மகாராஜாக்களையும் சில தொழிலதிபர்களையும் தவிர மற்றவர்களுக்குக் கிடைத்தது ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்தியபோது குடும்பக் கார்களையே பிரித்து மேய்ந்துதான் பந்தயக் கார் ஆக்கினார்கள். பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. கோயமுத்தூர் கரிவரதன், மாருதி இன்ஜினை வைத்தே ஒற்றை ஆள் ரேஸ் கார் செய்து பையன்களை ஏற்றிவிட்டார்.

ஆகவே நம் ஊரில் 'ஸ்போர்ட்ஸ் கார்' என்பது தோற்றத்தில் இல்லை; ஓடும் விதத்தில்தான் இருந்தது. அதனால்தான் இந்த விளையாட்டு நமக்கு ஒத்துவருகிறது.

வெளிநாட்டிலும் இது புதிதில்லை. 1950-ல் நார்ட்டன் கம்பெனி ரேஸ் பைக்குக்குப் புது ஃபிரேம் போட்டது. ஓட்டிப் பார்த்த ஹெரால்ட் டேனியல் என்ற ரேஸ் வீரர், இறகு மெத்தையில் போகிற மாதிரி இருக்கிறது என்றாராம். அந்த ஃபிரேமுக்கு அதுவே பெயராகிவிட்டது: 'ஃபெதர்பெட்'! இன்ஜினியர் வைத்த பெயர் இல்லை, ஓட்டியவர் முதுகு வைத்த பெயர். அந்த நார்ட்டன் இப்போது யாருடையது தெரியுமா? 2020 ஏப்ரலில் அதை வாங்கியது நம்ம டி.வி.எஸ். மோட்டார். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே டி.வி.எஸ்!

*

நீங்களும் ஆடலாம்!

டீக்கடைச் சட்டம் மூன்றை உங்களுக்காகக் கொஞ்சம் தளர்த்தி, படித்துத் தெரிந்த நாலு கேள்வி. விடை கட்டுரையின் அடியில். எட்டிப் பார்ப்பவர்களுக்கு டீ கிடையாது.

1. உள்ளே ஏறுவதற்கே ஸ்டியரிங்கை மடக்க வேண்டும். வாசல்படி தொடை உயரம். ஜன்னல் கண்ணாடியை இறக்கவும் முடியாது. வெயிலில் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த சுகம். ஆனால் மிதித்தால் அந்தக் காலத்தில் அதை முந்த ஆளில்லை.

2. ஸ்டியரிங் பஸ் மாதிரி படுத்திருக்கும். ரோட்டில் கிடக்கும் பைசாவில் பூவா தலையா என்பது முதுகெலும்புக்குத் தெரியும். வளைவில் காலை எடுக்காமல் மிதித்தால், மூக்கில் கயிறு கட்டி இழுத்த மாதிரி திரும்பும்.

3. இன்ஜின் அதிர்வே இல்லாமல் சுருதி ஏறிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதற்காகக் கம்பெனியே ஒரு பஸ்ஸர் வைத்தது.

4. கியரைத் தரையில் தேடாதீர்கள், ஸ்டியரிங்கின் காதில் இருக்கும். சோழவரத்தில் ரேஸ் ஓடியது. ஊருக்கு வந்து டாக்ஸியாகவும் ஓடியது.

*

ஹெரால்டும் ஏற்காடும்

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மழை நாளில் பெரியவர் சொன்ன வர்ணனை இது:

"தெருவிலேயே ஒரே ஒடியில திரும்பிடும், ரிவர்ஸே வேண்டாம். முன் சக்கரம் அவ்வளவு மடங்கும். கதவு கடகடன்னு பேசிக்கிட்டே வரும். நேர் ரோட்டுல சாது. ஆனா இறக்கத்துல, வளைவுக்குள்ள நுழைஞ்சப்புறம் பயந்து காலை எடுத்தீங்கன்னா, பின்பக்கம் தூக்கும். தூக்கி... காலை மடிச்சுக்கும். கோழி தூங்கறப்ப காலை மடிக்குமே, அப்படி. அவ்வளவுதான், வால் உங்களை முந்தப் பார்க்கும்."

நான் குதித்தேன். இது நான் உண்மையிலேயே ஊறிப் படித்த சமாச்சாரம். "டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்! 1962. இரண்டு சீட், திறந்த ஸ்போர்ட்ஸ் கார்!"

பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். "அது யாரு? நான் சொன்னது ஹெரால்டு. சேலத்துல ஒரு டாக்டர்கிட்ட டிரைவரா இருந்தேன், எழுபதுகள்ல. ஏற்காட்டுல அவருக்கு வீடு. இருபது கொண்டை ஊசி வளைவு. அதுல ஒண்ணுல அந்த வண்டி எனக்கு பாடம் சொல்லிக் கொடுத்துச்சு."

தோற்றேன் என்று பர்ஸை எடுத்தேன். மெக்கானிக் அண்ணன் தடுத்தார். "இருங்க. ரெண்டு பேரும் ஜெயிச்சாச்சு. ரெண்டும் ஒரே வண்டிதான்!"

விஷயம் இதுதான். டிரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. மிச்செலோத்தி என்ற இத்தாலியர் வரைந்தது. 1961 முதல் அதையே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. திரும்பும் வட்டம் வெறும் 25 அடி. அதே ஹெரால்டின் சேஸிஸை நீளம் குறைத்து, மேலே அதே மிச்செலோத்தி அழகான சட்டை தைத்துப் போட்டதுதான் ஸ்பிட்ஃபயர். சேலத்து டாக்டர் வண்டியும் லண்டன் மைனர் வண்டியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அந்தக் 'கோழிக்கால்' வியாதியும் குடும்பச் சொத்து. பின்சக்கரங்கள் இரண்டும் வண்டியின் நடுவிலிருந்து இரண்டு கைகள் மாதிரி நீண்டிருக்கும், கீல் நடுவில். வளைவில் திடீரென்று காலை எடுத்தால் கனம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் எழும்பும். எழும்பினால் சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே மடங்கும். டயரின் ஓரம் மட்டுமே ரோட்டில். பிடிமானம் போயிற்று. ஸ்பிட்ஃபயருக்கு 1970-ல் வந்த நாலாவது மாடலில்தான் இதற்கு உருப்படியாக மருந்து போட்டார்கள். சென்னைக்காரர்கள் 1972-ல் 'கெஜல்' என்று நாலு கதவு வண்டி விட்டபோது, அந்த இரட்டைக் கையையே எடுத்துவிட்டுச் சாதாரண ஒற்றை அச்சைப் போட்டுவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1961-ல் டிரையம்ஃபை வாங்கிய முதலாளி யார்? லாரி செய்கிற லேலாண்டு! 1968-ல் ஜாகுவார், எம்.ஜி., மினி, ரோவர் எல்லாமே பிரிட்டிஷ் லேலாண்டு என்ற ஒரே குடைக்குள் வந்தன. 1980-லிருந்து ஓசூரில் லாரி செய்கிற நம் அசோக் லேலாண்டின் பெயரில் பாதி அங்கிருந்து வந்ததுதான். இதைச் சொன்னதும் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப நான் வேலையே மாத்தலைன்னு சொல்லுங்க!"

*

கண்ணை மூடிக்கொண்டு ஒரு சவாரி

இது வரைக்கும் விளையாட்டு. இனி வருவது விளையாட்டில்லை.

பெரியவருக்கு சர்க்கரை. அது கண்ணைத் தொட்டுவிட்டது. 'இனி வண்டி தொடாதீர்கள்' என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. ஒரு லாரிக்காரரிடம் ஸ்டியரிங்கைப் பிடுங்கினால் என்ன மிச்சம்? டீக்கடைக்கு வருகிறார், வாயால் ஓட்டுகிறார்.

அந்தச் சமயம் மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்கு ஒரு ஹெரால்டு வந்திருந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு இளைஞர், தாத்தாவின் காரைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார். எட்டு மாத வேலை. புது பெயின்ட், புது சீட், பின்னால் குறுக்கே போடுகிற பட்டை ஸ்பிரிங்கும் புதிதாக அடித்துப் போட்டாயிற்று. சனிக்கிழமை டெலிவரி. மனைவி, மூன்று வயதுக் குழந்தையோடு அந்தப் பையன் முதலில் போக நினைத்த இடம், ஏற்காடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன், "அண்ணே, சும்மா ஒரு ரவுண்டு வாங்க" என்று பெரியவரை முன் சீட்டில் உட்காரவைத்தார். பின்னால் ஓசியில் நான். தளி ரோட்டில் போனோம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். கதவில் கை வைத்து அது பேசுவதைக் கேட்டார். முகத்தில் இருபது வயது.

மூன்றாவது வளைவில் முகம் மாறியது.

"நிறுத்துப்பா."

அண்ணன் நிறுத்தினார்.

"பின்பக்கம் நிமிர்ந்து நிக்குது. இப்பவே முட்டியைத் தூக்கி வச்சிருக்கு. எங்க டாக்டர் வண்டி உட்கார்ந்து ஓடும். இது எந்திரிச்சு ஓடுது. இறக்கத்துல காலை எடுத்தா மடிச்சுக்கும். இதை மலைக்கு அனுப்பாதே."

இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி கம்பீரமாக நின்றது. அண்ணன் குனிந்து, சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். புது ஸ்பிரிங்கின் வளைவு அதிகம். அதனால் வண்டி உயர்ந்து, சக்கரங்களின் அடிப்பக்கம் நிற்கும்போதே லேசாக உள்ளே சாய்ந்திருந்தது. கண்ணுக்கு அழகு; வளைவில் எமன்.

டெலிவரி மூன்று வாரம் தள்ளிப்போனது. ஸ்பிரிங்கைக் கழற்றி மறுபடி வளைவு குறைத்துப் போட்டார்கள். பையன் சலித்துக்கொண்டான். அண்ணன் அவனுக்கு முழுக் கதையையும் சொன்னாரா, தெரியாது. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது, பெரியவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். "தம்பி, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைச்சுக்க. வளைவுக்குள்ள போயிட்டா காலை எடுக்காதே" என்றார் பெரியவர். அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காரைச் செய்த தொழிற்சாலை இல்லை. ஏற்காட்டுக்குப் போன அந்த டாக்டரும் இல்லை. ஒரு ஹெரால்டு எப்படி 'உட்கார்ந்து' ஓடும் என்ற தகவல், கண் மங்கிய ஒரு டிரைவரின் முதுகில் இருந்தது. கண்காட்சியில் துணி போட்டுத் துடைத்து வைத்த கார் இதைச் சொல்லாது. அது ஓடுவதே இல்லையே!

*

பேத்தி கேட்ட கேள்வி

இந்தக் கலை இவர்களோடு முடிந்தது என்றுதான் கட்டுரையை முடிக்க நினைத்தேன். இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மாவட்டம். ஓசூரில் டி.வி.எஸ். ஐக்யூப், ஏத்தர், போச்சம்பள்ளியில் 2021-ல் ஓலா ஆரம்பித்த பெரிய தொழிற்சாலை. சத்தம் இல்லை, புகை இல்லை, கியர் இல்லை. எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

போன மாதம் பெரியவரை அழைத்துப் போக அவர் பேத்தி வந்தாள். அப்படி ஒரு ஸ்கூட்டர் தொழிற்சாலையில்தான் வேலை. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நான் ஒண்ணு கேக்கலாமா அண்ணா?" என்றாள்.

"ரெண்டு வண்டி. ரெண்டுலயும் சத்தமில்லை. முதல் வண்டி பள்ளத்துல இறங்கினா பின் சக்கரம் மட்டும் 'தொம்'முனு தனியா இறங்கும். முன் சக்கரம் அப்படி இல்லை. ரெண்டாவது வண்டி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கும். ஆனா ஆக்ஸிலேட்டர் குடுக்கறப்ப காலுக்கடியில ஒரு மெல்லிசு ரீங்காரம். பேர் வேண்டாம். என்ன வித்தியாசம்னு மட்டும் சொல்லுங்க."

நான் முழித்தேன். மெக்கானிக் அண்ணன் முகவாயைச் சொறிந்தார். எலெக்ட்ரிக் வண்டியை வாழ்க்கையில் தொடாத பெரியவர், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"முதல் வண்டியில பின் சக்கரம் கனம். காலி லாரியில பின் அச்சு அப்படித்தான் தனியா இறங்கும். எதுக்கு கனம்? அந்த மோட்டாரை சக்கரத்துக்குள்ளேயே வச்சிருக்கான். ரெண்டாவதுல மோட்டார் நடுவுல, கால் பக்கம். அங்கேருந்து பெல்ட்டோ செயினோ போட்டு சக்கரத்துக்கு ஓட்டறான். அதான் ரீங்காரம்."

பேத்தி வாயைப் பிளந்தாள். "சரி தாத்தா! எப்படி?"

"நீ ஒழுங்கா சொன்னே. நான் ஓட்டிப் பார்த்துக்கிட்டேன்."

ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஏறி, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். சத்தமே இல்லாமல் போய்விட்டார்கள். தெருமுனைப் பள்ளத்தில் பின் சக்கரம் இறங்கியபோது, பெரியவர் திரும்பி எங்களைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். முதல் ரகம்!

எங்கள் சட்டப் புத்தகத்தில் காருக்கு வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம். ஓட்டியவர் சொல்லுக்கு என்ன சதவிகிதம் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

பில் வந்தது. பன்னிரண்டு டீ. வழக்கம் போல, என் கணக்கு.

*

விடைகள்: 1. மெர்சிடஸ் 300 எஸ்.எல்., 1954. (கதவு மேல்நோக்கி இறக்கை மாதிரி திறக்கும். அதைச் சொன்னால் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று மறைத்தேன்.) 2. மினி கூப்பர். 1964-ல் மான்டி கார்லோ ராலியில் பெரிய கார்களை எல்லாம் தோற்கடித்த பொடியன். 3. மாஸ்டா ஆர்.எக்ஸ். 7, 1978. பிஸ்டனுக்குப் பதில் சுழலும் முக்கோணம் உள்ள இன்ஜின். 4. ஃபியட் 1100, பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி. இதுகூடத் தெரியவில்லை என்றால், ஓசூர் வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்!